புகைபோக்கியும் மண்பானையும்

ஜோசே சரமாகோ 1981இல் வெளியிட்ட போர்த்துக்கல் பயண நூலை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்தேன். நாட்டின் வடகோடியில் தொடங்கும் பயணம் தெற்கே அல்கார்வ் கடற்கரையில் முடிகிறது. அங்கு வந்ததும் அவருக்கு எரிச்சல் மூண்டுவிடுகிறது. கடற்கரையும் மீனவனும் சுற்றுலாக்காரருக்காக ஆங்கிலப் பெயர் சூடிக்கொண்டதைப் பரிகசிக்கிறார். நியாயமான கோபம்தான். ஆயினும் 'அல்கார்வ்' என்பதே மேற்கு எனப் பொருள்படும் 'அல் கர்ப்' என்ற அரபுச் சொல்லின் திரிபு. ஒரு மொழி இன்னொன்றை மூடுவது அக்கரைக்குப் புதிதல்ல.

சுற்றுலா நூல்களோ அங்குள்ள வெண்சுண்ணம் பூசிய அனைத்தையும் 'மூரிய' கலை என்கின்றன. கூரைமேல் நிற்கும் துளைவேலைப் புகைபோக்கிகளும் மூரியமாம். ஒல்யாவ் நகர மீனவரின் சதுர வீடுகளும் மூரியமாம். பாரோ நகரம் முஸ்லிம்களின் கைவிட்டுப் போனது 1249இல். ஒல்யாவின் வீடுகளோ பெரும்பாலும் 18ஆம், 19ஆம் நூற்றாண்டுக்குரியவை. அம்மீனவர் வட ஆபிரிக்கத் துறைமுகங்களோடு உறவு கொண்டிருந்தவர்கள். அத்திப்பழம் உலர்த்தவும் படகு வருகிறதா என்று பார்க்கவும் அவர்களுக்கு மொட்டைமாடி தேவைப்பட்டது. அதற்கு அவர்கள் வழங்கும் 'அசோத்தேயா' என்ற பெயர் அரபுவழி வந்தது. சுவரைக் கட்டியவர் அவர்களே. மறுபுறம், தவிராவின் பழைய பாலத்தை 'ரோமப் பாலம்' என்று அழைப்பது வழக்கம். அது மத்திய காலத்தில் எழுந்து 17ஆம் நூற்றாண்டில் திருத்தப்பட்டது என்பதே ஆய்வாளர் கருத்து.

மெய்யான எச்சங்கள் ஆரவாரமின்றி இருக்கின்றன. சில்வெஷ் நகரில் முவஹ்ஹிதுகள் காலத்து ஆழ்கிணறு ஒன்றைச் சுற்றியே அரும்பொருட்சாலை கட்டப்பட்டுள்ளது. தவிராவில் கிடைத்த 11ஆம் நூற்றாண்டு மண்கலத்தின் விளிம்பில் குதிரைவீரரும் இசைப்போரும் விலங்குகளும் வரிசையாக நிற்கிறார்கள். என்னை அதிகம் ஈர்த்தது, சாந்தா லுசியா மீனவர் கணவாயினமான எண்காலியைப் பிடிக்கக் கயிற்றில் கோத்துக் கடலடியில் இடும் பானைதான். மறைவிடம் தேடும் எண்காலி தானாகவே அதற்குள் புகுந்துகொள்ளும். அதன் பெயர் 'அல்கத்ரூஷ்'. நீரிறைக்கும் சக்கரத்தில் கட்டிய குவளையைக் குறித்த 'அல் காதூஸ்' என்ற அரபுச் சொல்லே அது. வயலிலிருந்து கடலுக்குப் போய்விட்ட சொல்.

சொல் தங்கியது, பேசியவர் தங்கவில்லை. 1496இல் மன்னன் மனுவேல், யூதரும் முஸ்லிம்களும் மதம் மாற வேண்டும் அல்லது வெளியேற வேண்டும் எனக் கட்டளையிட்டான். இன்று அந்நாட்டுக் கிராமக் கதைகளில் கிணற்றடியில் காத்திருக்கும் 'மந்திரத்தில் கட்டுண்ட மூரியப் பெண்'ணாக மட்டும் அவர்கள் உலவுகிறார்கள்.

இங்கே நம்மவரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது. அந்தலூசியா என்றதும் நமது கவிஞர்கள் கண்ணீர் வடிக்கிறார்கள். இளமையில் வாழ்ந்த சில்வெஷை ஏங்கிப் பாடிய மன்னர் கவி அல் முஃதமித், அங்மாத்தில் கைதியாக 1095இல் இறந்தார். அவரைச் சிறைப்பிடித்தவர்கள் முஸ்லிம்களான முராபித்துகள். அவருடைய உயிர்த்தோழரும் சில்வெஷ் மண்ணின் கவிஞருமான இப்னு அம்மாரைக் கொன்றதோ அல் முஃதமிதின் சொந்தக் கை. இவற்றை விட்டுவிட்டுப் பாடும் ஒப்பாரி, சுற்றுலா நூல் ஒட்டும் 'மூரிய' முத்திரைக்குச் சளைத்ததல்ல.

அந்த முத்திரை நமக்கும் குத்தப்பட்டதுதான். தம் நாட்டில் கற்ற 'மௌரோ' என்ற சொல்லைப் போர்த்துக்கேயர் கப்பலில் கொண்டுவந்து நம் மூதாதையருக்குச் சூட்டினார்கள். 1626இல் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து அவர்களை விரட்டினார்கள். கண்டி மன்னன் செனரத் கிழக்கிலே குடியேற்றினான். இன்றும் ஆங்கிலப் பதிவேடுகளில் நாம் 'மூர்', தமிழில் சோனகர்.

ஆகவே அல்கார்வின் புகைபோக்கிகளுக்கு உரிமை கோர எனக்கு விருப்பமில்லை. அந்தப் பானையின் பெயரை எவரோ கேட்டு எழுதிவைத்ததால்தான் ஒரு சமூகம் அங்கு நீரிறைத்து வாழ்ந்தது இன்று தெரிகிறது. நமது கரையோர ஊர்களில் வலைக்கும் தோணிக்கும் அடுக்களைப் பாத்திரங்களுக்கும் நம் மூத்தம்மாமார் வழங்கிய பெயர்களை நாம் எத்தனை எழுதிவைத்திருக்கிறோம்?