குத்தாத விரல்

நெய்வேலியோ மேல்பட்டாம்பாக்கமோ, ரத்ததான முகாமில் முதல் தேர்வு விரல் நுனிக்குத்தான். பழைய முறையில் ஒரு குத்து, ஒரு சொட்டு. அது நீல மயில்துத்தக் கரைசலில் விழும். கரைசலின் ஒப்படர்த்தி 1.053. சொட்டு 15 விநாடிக்குள் மூழ்கினால் ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையவில்லை என்று பொருள். இந்தியாவில் கொடையாளருக்கு அதுவே கீழ்வரம்பு. மிதந்தால், "கீரை, முருங்கைன்னு நல்லா சாப்பிட்டு அப்புறம் வாங்கண்ணே!"

புதுக் கருவி குத்துவதில்லை. துணி கிளிப்பைப் போல விரலைக் கவ்வி, பல அலைநீள ஒளியைச் செலுத்துகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் விழுங்கும் ஒளியைக் கணக்கிட்டு ஹீமோகுளோபின் அளவை எண்ணாகக் காட்டுகிறது. 1970களில் ஜப்பானியர் தக்குவோ அவோயாகி வகுத்த ஆக்சிஜன் அளவீட்டு உத்தியின் வாரிசு இது. சில்லிட்ட விரலும் நகப்பூச்சும் அதை ஏமாற்றிவிடும். துல்லியத்தில் இன்னும் குறை உண்டு.

அடுத்த கட்டிலில் பெரிய ஊசி காத்திருக்கத்தான் செய்கிறது. ஆனால் தகுதியில்லாமல் திரும்புகிறவராவது குத்துப்படாமல் போகலாமே!