காஞ்சனையை வேலைக்கு வைத்தது யார்?

திகில் கதை எழுத விரும்புகிறவர்களுக்கு எல்லோரும் கொடுக்கும் அறிவுரை ஒன்றுதான்: முன்னோடிகளை வாசி. சரி, வாசிச்சாச்சு. அவர்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்வது? அங்கேதான் சிக்கல். பெரும்பாலும் நாம் எடுத்துக்கொள்வது அவர்களுடைய பேயை. அந்தப் பேயை நம்பவைத்தது எது என்பதை விட்டுவிடுகிறோம்.

செங்காங்கில் நாங்கள் ஐந்தாறு நண்பர்கள் மாதம் ஒருமுறை கூடி, எழுதியதை வாசித்துக் காட்டுவது வழக்கம். சில மாதங்களாகத் திகில் கதைகள். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஆலமரம், பாழடைந்த பங்களா, நள்ளிரவுக் கொலுசு. எழுதியவர்கள் எல்லோரும் பத்தாவது, பதினைந்தாவது மாடியில் குடியிருப்பவர்கள். “வீவக வீட்டுல பேய் எங்க வரும்? லிஃப்ட்ல பட்டன் அமுக்கிட்டா வரும்?” என்று ஒரு நண்பர் கேட்டார். எல்லோரும் சிரித்தோம்.

நியாயமான கேள்விதான். ஆனால் இந்த ஊரில் திகிலுக்கா பஞ்சம்? எல்ஆர்டி ரயிலில் ஓட்டுநர் கிடையாது. இரவுக் கடைசி வண்டியில் தனியாக உட்கார்ந்து வந்தவர்களுக்கு அது புரியும். வாய்ட் டெக்கில் ஒரு வாரம் சாவு வீடு, அடுத்த வாரம் அதே இடத்தில் கல்யாணப் பந்தல். ஏழாம் மாதம் வந்தால் புல்வெளி ஓரமெல்லாம் காகிதப் பணம் எரியும் புகை. ‘கெத்தாய்’ மேடைக்கு முன்னால் முதல் வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டுவைப்பார்கள், வராத விருந்தாளிகளுக்காக. அடுத்த மாதம் இதையெல்லாம் போட்டுச் சில கதைகள் வந்தன. கொலுசுக்குப் பதில் லிஃப்ட் மணி, ஆலமரத்துக்குப் பதில் மாடிப்படி. கதை மட்டும் அதே கதை. இடத்தை மாற்றுவது போதாது என்பது அப்போது தெரிந்தது. பிறகு எல்லோருமாக உட்கார்ந்து புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யைத் திரும்ப வாசித்தோம்.

1943-இல் வெளிவந்த கதை. தமிழில் பேய்க்கதை என்றாலே முதலில் சொல்லப்படும் பெயர் அதுதான். அதில் பங்களா இல்லை, காடு இல்லை. ஒரு எழுத்தாளன், அவன் மனைவி, ஒரு சாதாரண வீடு. வாசலுக்குப் பிச்சை கேட்டு ஒரு பெண் வருகிறாள். மனைவி அவளோடு பேச்சுக் கொடுத்து வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் சம்பவம். மற்றதெல்லாம் கணவனுடைய மூக்கிலும் கண்ணிலும் நடப்பது. இரவில் ஏதோ வாசனை வருகிறது. அந்தப் பெண்ணின் கால்கள் தரையைத் தொடவில்லையோ என்று தோன்றுகிறது. மறுபடி பார்த்தால் தொடுகின்றன. கடைசியில் அவள் போய்விடுகிறாள். யார் அவள், எதற்கு வந்தாள்? கதை சொல்வதில்லை.

புதுமைப்பித்தன் இதில் இரண்டு காரியங்கள் செய்கிறார். ஒன்று, கதைசொல்லி தன்னைப் பற்றி ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறான்: பொய் சொல்லிப் பிழைக்கிறவன், அதாவது கதை எழுதுகிறவன். அவன் பார்த்ததை நம்பலாமா வேண்டாமா என்ற பிரச்சினையை அவனே நம் கையில் தந்துவிடுகிறான். இரண்டு, மனைவி. அவளுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறது. ஒரே வீட்டுக்குள் ஒருவர் கண்ணுக்குப் பேய், இன்னொருவர் கண்ணுக்கு ஒத்தாசைக்கு வந்த ஏழைப்பெண். இந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் நம்மை நிற்க வைக்கிறார். பேய் இருக்கிறதா என்பதைவிட, இந்த ஆள் ஏன் இவ்வளவு பயப்படுகிறான் என்பதுதான் நம்மைத் தொந்தரவு செய்கிறது.

ஹென்றி ஜேம்ஸின் ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’ (1898) இதற்கு நேர் எதிர்ப்பக்கம். அங்கே பேயைப் பார்ப்பவள் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஆசிரியை. அவள் பார்க்கும் பேய்களும் அந்த வீட்டில் முன்பு வேலை பார்த்தவர்கள்தான். முதலாளி எங்கோ லண்டனில், தன்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடு. பேய்கள் உண்மையா, அவள் மனம் கட்டியதா என்று நூறு வருஷத்துக்கு மேல் விமர்சகர்கள் சண்டை போடுகிறார்கள். ‘காஞ்சனை’யில் வீட்டுக்காரன் வேலைக்காரியைப் பார்த்துப் பயப்படுகிறான். ஜேம்ஸ் கதையில் வேலைக்கு வந்தவள் அந்த வீட்டைப் பார்த்தே பயப்படுகிறாள். இரண்டிலும் தொழில்நுட்பம் ஒன்று. பயப்படுகிறவரைச் சந்தேகப்பட வாசகருக்கு இடம் விட்டுவைப்பது.

இந்த ஊர்க்காரர் ஒருவரிடமும் கற்க ஏதாவது உண்டா என்று தேடினால் ஒத்மான் வோக் வருகிறார். சிங்கப்பூரின் முதல் தலைமுறை அமைச்சர்களில் ஒருவராகத்தான் பலருக்கும் அவரைத் தெரியும். அதற்கு முன் அவர் பத்திரிகைச் செய்தியாளர். 1950-களில் மலாய் வார இதழில் திகில் கதைகள் எழுதினார். அவற்றின் ஆங்கிலத் தொகுப்பு ‘மலாயன் ஹாரர்’ 1991-இல் வந்தது. செய்தி வரும் அதே தாளில், செய்தி எழுதும் அதே கையால் ஒரு பேய்க்கதை. வாசகர் எந்தக் காதால் கேட்பது என்று குழம்பியிருப்பார், இல்லையா? அலங்காரம் இல்லாத நடைக்கு அங்கே வேறு ஒரு வேலை இருக்கிறது. சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ இன்னொரு வழியில் போகிறது. பேயா, விஞ்ஞானமா என்ற சந்தேகத்தைக் கணேஷுக்கும் வசந்துக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிடுகிறது.

இதற்கு மாறாக, 1989-இல் தொடங்கிய ரஸ்ஸல் லீயின் ‘ட்ரூ சிங்கப்பூர் கோஸ்ட் ஸ்டோரீஸ்’. பள்ளிக்கூடப் பையில் ஒளித்துவைத்து வாசித்த தலைமுறைகள் இங்கே உண்டு. ராணுவ முகாம், பள்ளிக் கழிவறை, டாக்ஸி என்று இடத்தைப் பிடிப்பதில் அந்த வரிசை கெட்டி. ஆனால் தலைப்பிலேயே ‘உண்மை’ என்று சொல்லிவிட்டதால், சொல்பவர் மேல் நமக்குச் சந்தேகம் வர வழியில்லை. படிக்கும்போது மயிர்க்கூச்செறியும். புத்தகத்தை மூடி விளக்கைப் போட்டால் போயே போச்சு. ‘காஞ்சனை’ விளக்கைப் போட்டாலும் போவதில்லை.

இதெல்லாம் வெறும் உத்தி விஷயம் இல்லை. எங்கள் குழுவில் வாசிக்கப்பட்டவற்றில் மூன்று கதைகளில் பேய் வந்த வழி ஒன்றே: வீட்டுப் பணிப்பெண். ஒருத்தி தலையணைக்கு அடியில் எதையோ வைக்கிறாள். ஒருத்தி சமையலில் எதையோ கலக்கிறாள். ஒருத்தி நடுராத்திரி பால்கனியில் நின்று முணுமுணுக்கிறாள். மூன்றும் சுவாரசியமாகவே இருந்தன. மூன்றும் தேக்காவில் காய்கறி வாங்கும்போதும் உறவினர் வீட்டு விருந்திலும் காதில் விழும் வம்புப் பேச்சின் நேரடிப் பதிவு. “அந்த ஊர்க்காரிங்களுக்கு மந்திரம் எல்லாம் தெரியும்பா” என்ற வகைப் பேச்சு. எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. வம்புக்கும் கதைக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் 2.5 லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டு வீட்டுப் பணிப்பெண்கள் இருக்கிறார்கள். செங்காங் போன்ற புதிய நகரங்களின் வீடுகளில் ஒரு சின்ன அறை உண்டு. தடித்த கான்கிரீட் சுவர், கனமான இரும்புக் கதவு, ஜன்னல் இல்லை. போர் வந்தால் குடும்பம் ஒளிந்துகொள்வதற்கான பாம் ஷெல்டர். அமைதிக் காலத்தில் அங்கே அரிசி மூட்டை, பழைய சூட்கேஸ், காற்றாடி எல்லாம் இருக்கும். சில வீடுகளில் பணிப்பெண் உறங்குவதும் அங்கேதான். இத்தனை வசதியான திகில் அறையை எந்த எழுத்தாளரும் கற்பனை செய்து கட்டியிருக்க முடியாது. ஆனாலும் எங்கள் மூன்று கதைகளிலும் அந்த அறைக்கு வெளியே நின்று, கதவைப் பார்த்துப் பயப்படுகிறவர்தான் கதைசொல்லி. உள்ளே படுத்திருப்பவளுக்கு எது பயம் என்று ஒரு வரிகூட இல்லை.

மலாய்க் கதைகளில் வரும் பொந்தியானாக்கும் இப்படித்தான். பிரசவத்தில் இறந்துபோன பெண். அவள் வருமுன் பூ வாசனை வரும் என்பார்கள். காஞ்சனை மாதிரியே மூக்குக்குத்தான் முதலில் தெரிகிறாள். பின்கழுத்தில் ஆணி அடித்துவிட்டால் அழகான, அடங்கிய மனைவி. ஆணியைப் பிடுங்கினால் பேய். 1957-இல் சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் நிறுவனம் எடுத்த ‘பொந்தியானாக்’ படத்தை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ். பேய்கள் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குச் சுலபமாகக் குடிபெயரும். கூடவே அந்தப் பெண்ணின் மேல் சமூகத்துக்கு இருக்கும் பயமும் வரும். எழுதுகிறவர் அதைச் சோதித்துப் பார்க்காமல் வீட்டுக்குள் விட்டால், அது கதையின் பேயாக இருக்காது, கதையின் கருத்தாகிவிடும்.

புதுமைப்பித்தனும் பிச்சைக்கு வந்த ஏழைப்பெண்ணைத்தானே பேயாக்கினார் என்று ஒரு தோழி கேட்டார். “ஏங்க, அவர் செஞ்சா இலக்கியம், நாங்க செஞ்சா வம்பா?” நல்ல கேள்வி. அந்தக் குற்றச்சாட்டிலிருந்து ‘காஞ்சனை’ முழுக்கத் தப்பிவிடவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த மனைவியை எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். கணவனின் பயத்துக்கு எதிர்ச்சாட்சி போய்விடும். மிஞ்சுவது வாசலுக்கு வரும் ஏழையை நம்பாதே என்ற எச்சரிக்கை மட்டும். அவளை உள்ளே அழைத்த மனைவி இருப்பதால்தான் அது கதையாக நிற்கிறது. எங்கள் மூன்று கதைகளிலும் அந்த மனைவி இல்லை. பணிப்பெண்ணுக்காகப் பேச, அவளை நம்ப, ஏன், அவளோடு சேர்ந்து ஒரு டீ குடிக்கக்கூட ஆள் இல்லை.

ஆகவே முன்னோடிகளிடம் கற்கப் போகிறவர்களுக்கு என் சிபாரிசு ஒன்று. பேய் எப்போது வருகிறது, எப்படி வருகிறது என்று குறிப்பெடுப்பதை ஒரு முறை நிறுத்திவையுங்கள். அதற்குப் பதிலாக மூன்று விஷயங்களை எழுதிப் பாருங்கள். பயப்படுவது யார்? அவருக்கு அந்த வீட்டில் என்ன அதிகாரம்? அவரை நம்பாத ஒருவர் கதைக்குள் இருக்கிறாரா? ‘காஞ்சனை’க்கு இந்த மூன்றுக்கும் பதில் உண்டு, ஜேம்ஸுக்கும் உண்டு.

சிங்கப்பூர்த் தமிழில் நான் வாசிக்கக் காத்திருக்கும் திகில் கதையில் பேய் வராமலேயே இருக்கலாம். ஒரு பெண், புது ஊர், புது வீடு. முதல் நாள் எஜமானி அம்மா சுற்றிக் காட்டுகிறார்: இது அடுப்பு, இது குப்பைத் தொட்டி வாய், இது பாப்பா அறை. கடைசியில் ஒரு இரும்புக் கதவைத் திறந்து, சிரித்த முகத்தோடு, “இது உனக்கு” என்கிறார்.