ஒரு விழுக்காடுதானே?

'கிரில் எண்ணெய்' என்ற பெயரில் செந்நிற மாத்திரைகள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. இதயத்திற்கு நல்லது என்று விளம்பரம் கூறுகிறது. கூடவே இன்னொரு வாசகமும் உண்டு: 'கடலில் உள்ள கிரிலில் நாங்கள் எடுப்பது ஒரு விழுக்காடு கூட இல்லை.' இந்தக் கணக்கைச் சற்று ஆராய்வோம்.

கருவாட்டுக் கடையில் சென்னாக்கூனியைப் பார்த்திருப்பீர்கள். கிரிலும் ஏறக்குறைய அந்த உருவமே. ஆனால் வேறு இனம். அண்டார்க்டிக் கிரில் சுமார் 6 செ.மீ. வளரும், எடை ஒன்றிரண்டு கிராம். திமிங்கிலம், சீல், பென்குவின் ஆகியவை இதை நம்பியே வாழ்கின்றன. இதைப் பிடிப்பதில் நார்வே நாடு முன்னணியில் உள்ளது. அந்நாட்டின் அக்கர் குழுமம் இத்தொழிலை வளர்த்ததில் பெரும்பங்கு கொண்டது. பிடித்ததில் பெரும்பகுதி தூளாக்கப்பட்டுப் பண்ணை மீன்களுக்குத் தீவனமாகிறது. மாத்திரைக்குப் போவது சிறு பகுதியே.

இனி கணக்குக்கு வருவோம். 2019-இல் பல நாட்டுக் கப்பல்கள் தென் அட்லாண்டிக் பகுதியில் ஒலி அலைகளைச் செலுத்தி, எதிரொலியைக் கொண்டு கிரிலின் அளவை மதிப்பிட்டன. கிடைத்த விடை சுமார் 6.26 கோடி டன். அங்கு ஓராண்டில் பிடிக்க அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 6,20,000 டன். வகுத்துப் பாருங்கள், ஒரு விழுக்காட்டிற்குச் சற்றுக் குறைவே. வகுத்தல் சரிதான். ஆனால் இது சராசரி.

எங்கள் திருவண்ணாமலையை எடுத்துக்கொள்ளுங்கள். கார்த்திகைத் தீபத்தன்று 14 கி.மீ. கிரிவலப் பாதையில் இலட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். அந்தக் கூட்டத்தை 365 நாட்களுக்கும் பங்கிட்டு, 'நாளொன்றுக்குச் சில ஆயிரம் பேர்தானே, தண்ணீர்ப் பந்தல் எதற்கு?' என்று ஒருவர் கேட்டால் ஒப்புவீர்களா?

கிரிலும் கடல் முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. பெருங்கூட்டங்களாகத் திரள்கிறது. கப்பல்கள் அந்தக் கூட்டங்களைத் தேடியே செல்கின்றன. திமிங்கிலமும் பென்குவினும் தேடுவது அதே கூட்டங்களைத்தான். குஞ்சு வளர்க்கும் பென்குவின் கூட்டைவிட்டு வெகுதூரம் போக முடியாது. அருகிலுள்ள கடலில் இரை குறைந்தால், ஆயிரம் கி.மீ. அப்பால் எத்தனை கோடி டன் இருந்தும் அதன் குஞ்சுக்குப் பயனில்லை. இளங்கிரில்களுக்கோ குளிர்காலக் கடற்பனி தேவை. புவி வெப்பமடைவதால் அதற்கும் ஆபத்து.

இந்த இடரை உணர்ந்துதான் அண்டார்க்டிக் கடல் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையம் 2009-இல் உச்ச அளவைப் பகுதி வாரியாகப் பிரித்து வைத்தது. 2024-இல் உறுப்பு நாடுகள் உடன்படாததால் அந்தப் பங்கீடு காலாவதியாயிற்று. விளைவு என்ன? 2025 ஆகஸ்டிலேயே 6,20,000 டன்னும் பிடிபட்டு, பருவம் முடிய மாதங்கள் இருக்கும்போதே மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. அந்த அளவு எட்டப்பட்டது அதுவே முதல் முறை.

இன்னொன்றையும் மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். விளம்பரம் புகழும் ஒமேகா-3 கொழுப்பு, கிரிலுக்குப் பெரும்பாலும் கடலின் நுண்பாசிகளிடமிருந்தே கிடைக்கிறது. அத்தகைய நுண்பாசிகளைத் தொட்டிகளில் வளர்த்து எண்ணெய் எடுக்கும் தொழில் இன்று நடைமுறையில் உள்ளது. அப்படியிருக்க, பென்குவினின் இரையைத்தான் பிடிக்க வேண்டுமா?

'தென்துருவத்துக் கதை நமக்கேன்?' என எண்ண வேண்டாம். 1995-96-இல் நம் நாட்டு ஆய்வுக் கப்பலான சாகர் சம்பதா கிரிலைத் தேடி அக்கடலுக்குச் சென்று வந்தது. மேற்சொன்ன ஆணையத்தில் இந்தியா 1986 முதல் உறுப்பு நாடு. அங்கே தீர்மானங்கள் அனைவரின் ஒப்புதலோடு மட்டுமே நிறைவேறும். ஆகவே நம் குரலுக்கு எடை உண்டு. 2021-இல் அண்டார்க்டிக் கடலில் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் அமைக்கும் யோசனையை இந்தியா ஆதரித்தது. பகுதி வாரிப் பங்கீட்டை மீட்கவும் அதே குரல் ஒலிக்க வேண்டும்.

அடுத்த முறை ஒரு விளம்பரத்தில் 'ஒரு விழுக்காடு' என்று கண்டால், 'எந்த இடத்தில்? எந்த மாதத்தில்?' என்று கேளுங்கள்.