தொலைக்கல்வியும் மாணவர் எழுத்தும்

தொற்றுநோய்க் காலத்திலே பாடசாலைகள் மூடப்பட்டிருந்தும் கல்வி தடைப்படவில்லை என்றும், ஆசிரியரும் மாணவரும் கைத்தொலைபேசி வழியாக இணைந்தேயிருந்தனர் என்றும் மேடைகளிலே கூறக் கேட்கிறோம். இக்கூற்று முழுப் பொய்யன்று, முழு உண்மையுமன்று. எவர் இணைந்திருந்தனர், எவர் விடுபட்டனர், இணைந்திருந்தோர் எதனைப் படைத்தனர் என்னும் வினாக்களை எழுப்பாது இதனை ஏற்றுக்கொள்ளுதல் பொருந்தாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரக் கிராமமொன்றிலே நாம் கற்பிக்கும் பாடசாலையின் மாணவர் அக்காலத்தில் ஒரு கையெழுத்துச் சஞ்சிகையை நடத்தினர். மூன்று இதழ்களே வெளிவந்தன. அவற்றைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய முற்படுகிறோம்.

முதலிலே பின்னணியை நோக்குவோம். 2020 மார்ச் 13இல் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டன. யூலையிலே படிப்படியாகத் திறக்கப்பட்டு, ஒக்டோபரிலே மீண்டும் மூடப்பட்டன. 2021 ஏப்பிரில் இறுதியிலே மூடிய கதவுகள் ஒக்டோபர் 21இலேதான், அதுவும் சிறிய பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகளுக்கு மட்டும், திறக்கத் தொடங்கின. இடைக்காலத்திலே சூம் வகுப்புகளும் வட்ஸ்அப் குழுக்களும் வகுப்பறையின் இடத்தைப் பெற்றன. ஆனால், இந்நாட்டில் ஏறத்தாழ ஐந்து வீடுகளுள் ஒன்றிலேதான் கணினி இருந்தது. ஊவாவிலே, பொகிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள் அலைத்தொடர்பைத் தேடிக் காட்டுவழியே பாறையுச்சிக்கு ஏறிச் சென்ற செய்தி 2021இல் உலகப் பத்திரிகைகளிலும் வெளிவந்தது. எமது கிராமத்திலே அலைத்தொடர்புக்குக் குறைவில்லை. அதனை வாங்கும் பணத்துக்கே குறைவு. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் நிலைபெற்ற இலவசக் கல்வி, ரீலோட் போட்டாலன்றிப் பாடம் இல்லை என்னும் நிலைக்கு வந்தது. இதனை எவரும் சட்டமாக நிறைவேற்றவில்லை. எவரும் எதிர்த்து வாக்களிக்கவுமில்லை.

சஞ்சிகையின் முதலாவது இதழ் 2020 யூனிலே, ஊரடங்கு தளர்ந்தபின், வெளிவந்தது. பத்தாந்தர மாணவியர் இருவர் அதனைத் தொகுத்தனர். தொலைபேசியுள்ளோர் தம் ஆக்கங்களைப் படமெடுத்து அனுப்பினர்; இல்லாதோர் கொப்பித்தாளிலே எழுதிச் சந்திக் கடையிலே கொடுத்தனர். யாவற்றையும் ஒரே கையெழுத்திலே பிரதிசெய்து, நூலால் தைத்து, சைக்கிளிலே வீடு வீடாகக் கொண்டுசென்றனர். ஒரு வீட்டிலே இரண்டு நாள் என்பது நியதி. இறுதியிலே விடப்பட்ட வெற்றுத்தாள்களில் வாசித்தோர் தம் கருத்தை எழுதினர். வீட்டுப் பெரியோரும் எழுதினர்.

அமைப்பு புதியது, உள்ளடக்கமோ மிகப் பழையது. கவிதைகளுட் பெரும்பாலானவை நோயை அரக்கனாக விளித்து, ஓடிவிடுமாறு கட்டளையிட்டன. கட்டுரைகள் கைகழுவுதலின் நன்மைகளை வரிசைப்படுத்தின. ஒருவரின் ஆக்கத்தை மற்றொருவர் பெயரின்கீழ் வைத்தாலும் வேறுபாடு தோன்றாது. இதற்காக மாணவரைக் குறைகூறுதல் நேர்மையன்று. தலைப்புக்களை வழங்கியவர்கள் நாமே. பரீட்சைக்கு எழுதப் பழக்கிய முறையிலேயே அவர்களை எழுதச் செய்தோம். அவர்களும் புள்ளிக்காக எழுதுவது போலவே எழுதினர். வெற்றுத்தாளிலே ஒரு தாய், கையெழுத்து நல்ல வடிவாயிருக்கிறது, ஆனால் பிள்ளைகளின் புதினம் ஒன்றையும் காணவில்லையே என்று குறித்திருந்தார். அவ்விதழுக்கு எழுதப்பட்ட சரியான விமரிசனம் அதுவே.

அத்தாயின் குறிப்புக்குப் பின்னர் நாம் தலைப்புக் கொடுப்பதை நிறுத்தினோம். வீட்டிலே கண்டதை எழுதுங்கள் என்று மட்டும் கூறினோம். 2020 நவம்பர் முற்பகுதியிலே வந்த இரண்டாவது இதழ் முற்றிலும் வேறானது. அதிலே ஒன்பதாந்தர மாணவியொருத்தியின் கதை குறிப்பிடத்தக்கது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு தொலைபேசி. தாய் கலண்டர் தாளின் பின்புறத்திலே நேர அட்டவணை வரைகிறாள். சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் அண்ணனுக்கு முதலிடம். தங்கையின் முறை வரும்போது டேட்டா தீர்ந்துபோகிறது. கதையிலே எவரும் கொடியவரல்லர். வறுமை, நியாயமான மனிதரையும் அநியாயமான பங்கீட்டுக்குத் தள்ளிவிடும் என்பதை அச்சிறுமி எவ்விதப் பிரசங்கமுமின்றிக் காட்டிவிடுகிறாள். முடிவிலே முயற்சியின் பெருமை பற்றி அவள் ஒட்டிய அறவுரை மட்டும் கதையோடு ஒட்டவில்லை. அது எமது வகுப்பறை அவளுக்குக் கொடுத்த சொத்து.

அவ்விதழின் சிறந்த ஆக்கம் பத்தாந்தர மாணவனொருவன் எழுதிய 'தொலைபேசி கடலுக்குப் போகிறது' என்பதாகும். மாலையிலே பாடங்கள் தொலைபேசிக்கு வருகின்றன. இரவிலே தமையன் அதனை எடுத்துக்கொண்டு வள்ளமேறுகிறான். பாடம் கடலிலே மிதக்கத் தம்பி கரையிலே காத்திருக்கிறான். அவ்வொக்டோபரிலே பேலியகொடை மீன்சந்தை மூடப்பட, கொழும்பு லொறிகள் வராமற் போகின்றன. முதல்நாள் விலையையும் மறுநாள் விலையையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு, வேறொன்றும் கூறாது அவன் நிறுத்திக்கொள்கிறான். நோயைப் பற்றிய சொல் அதிலே ஓரிடத்திலேனும் இல்லை. எனினும் நோய்க்காலத்தின் பொருளாதாரம் முழுவதும் அதிலே இருக்கிறது.

இவ்வாக்கத்துக்கு நாம் இழைத்த தவறை இங்கு ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். பிழைதிருத்தம் என்ற பெயரிலே 'விடியப்புறம்' என்பதை 'அதிகாலை' ஆக்கினோம். 'மீன்பாடு' என்பதைப் 'பிடிபட்ட மீனின் அளவு' என்று மாற்றினோம். 'சம்மாட்டி' என்பதைப் 'படகு உரிமையாளர்' என்று திருத்தினோம். முதலிரண்டும் சுவையைக் கெடுத்தன. மூன்றாவது உண்மையையே கெடுத்தது. சம்மாட்டி வெறும் உரிமையாளரல்லர். தொழிலில்லாத நாட்களிலே முற்பணம் கொடுப்பவர் அவர். அக்கடனைக் காட்டிப் பின்னர் மீனுக்குத் தாமே விலை வைப்பவரும் அவர். அப்பையனின் வீட்டார் ஏன் விலை வீழ்ந்தபின்னும் கடலுக்குப் போயினர் என்பதற்கு அவ்வொரு சொல்லே விடை. அதனை நீக்கியபோது உற்பத்தி உறவையே நீக்கிவிட்டோம். மண்வாசனை வெறும் அலங்காரமன்று என்று வகுப்பிலே போதித்த நாமே இதனைச் செய்தோம்.

2021 யூலை 12இல், நெடுங்காலச் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி, ஆசிரியர் அதிபர் தொழிற்சங்கங்கள் நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து விலகின. நாமும் விலகினோம், அப்போராட்டம் நியாயமானதென்பதே எமது இன்றைய கருத்துமாகும். மூன்று மாதங்களுக்கு மேல் குழுக்கள் மௌனமாயிருந்தன. பாடசாலைச் சமூகம் சிதறிவிடும் என்றே எண்ணினோம். ஆனால், ஓகஸ்ட் முற்பகுதியிலே மூன்றாவது இதழ் எமது கைக்கு வந்தது. எவரும் கேளாது, எவரும் திருத்தாது மாணவரே அதனை ஆக்கியிருந்தனர். எழுத்துப்பிழைகள் மலிந்திருந்தன. ஆயினும் பேரன்மார் கேட்டெழுதிய கிழவர்களின் இடப்பெயர்வுக் கதைகளும், வெங்காயத் தோட்டத்துக் கூலிக்கணக்கும், ஆசிரியர் ஏன் வேலைநிறுத்தம் செய்கின்றனர் என்பது பற்றித் தந்தைக்கும் மகளுக்கும் நடந்த வாக்குவாதமும் அதிலே இடம்பெற்றன. கடற்கரைப் பையனின் ஆக்கத்தையும், அவன் முதலில் எழுதிய சொற்களிலேயே, மறுபடியும் சேர்த்திருந்தனர். காரணம் எதுவும் குறிக்கப்படவில்லை. குறிக்கவேண்டிய தேவையுமில்லை.

தொலைவிலிருந்து இணைதல் என்பது கருவியினால் மட்டும் ஆவதன்று என்பதற்குப் பிறநாட்டுச் சான்றுமுண்டு. முதலாம் உலகப்போரிலே நெஞ்சிற் காயமுற்று, நெடுநேரம் உரத்துப் பேசமுடியாதவராய்த் திரும்பிய பிரெஞ்சுக் கிராம ஆசிரியர் செலஸ்தன் ஃபிரெனே, 1924இல் தமது வகுப்பறைக்குச் சிறிய அச்சுப்பொறியொன்றை வாங்கினார். மாணவர் தம் வாழ்வைத் தாமே எழுதித் தாமே அச்சிட்டனர். 1926 முதல் தெற்குமலைப் பக்கத்து அப்பிள்ளைகளும், நாட்டின் மறுகோடியிலே கடலோரப் பிரித்தானியிலிருந்த பிள்ளைகளும் தம் அச்சுத்தாள்களைத் தபாலிலே பரிமாறிக்கொண்டனர். ஒருவருக்கொருவர் கூறுவதற்குச் சொந்தச் செய்தி இருந்தமையே அவர்களைப் பிணைத்தது. எமது முதலாவது இதழிலே இல்லாதிருந்ததும் மூன்றாவது இதழிலே நிறைந்திருந்ததும் அதுவே.

எனினும் இச்சஞ்சிகையை வெற்றிக் கதையாகப் பாராட்டி முடிக்க எம்மால் இயலாது. 2021 இறுதியிலே வகுப்புகள் தொடங்கியபோது அக்கடற்கரைப் பையன் வரவில்லை. வீட்டுக்குச் சென்று கேட்டோம். சம்மாட்டியின் கடன் தீரவில்லை என்றார்கள். இன்றும் அவன் வள்ளத்திலே போகிறான். சஞ்சிகை அவனைச் சமூகத்தோடு இணைத்து வைத்தது. பாடசாலையிலே வைத்திருக்க அதனால் இயலவில்லை. கலைக்கு இயலாததை அதனிடம் எதிர்பார்ப்பது பிழை. கலை செய்ததைக் காட்டி அரசின் கடமையை மறைப்பது அதனினும் பெரும் பிழை.

2022 யூன், யூலையிலே எரிபொருளின்றிப் பாடசாலைகள் மூடப்பட்டபோதும் தொலைக்கல்வி என்ற சொல்லே மீண்டும் வந்தது, இனியும் வரும். அப்போது இணைந்திருந்தோம் என்று கூறுவோரிடம், குழுவிலிருந்தோரின் எண்ணிக்கையைக் கேட்பதோடு நின்றுவிடலாகாது. திரும்பி வராதவர்களின் பெயர்ப்பட்டியலையும் கேட்போமாக. எமது இடாப்பிலே அப்பையனின் பெயருக்கு எதிரே இன்றும் சிவப்புக்கோடு இருக்கிறது.