வாஷிங்டனும் வண்டிச் சத்தமும்

ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனால் உறவுக்காரர்கள் உங்களை வேலி ஃபோர்ஜுக்குக் கூட்டிப்போகாமல் விடமாட்டார்கள். பெயரில்தான் வேலி. உள்ளே போக டிக்கெட்கூடக் கிடையாது. 3,500 ஏக்கர் பூங்கா, சைக்கிள், நாய், சாண்ட்விச் கூடை.

"இங்கே என்ன சண்டை நடந்தது?" என்று கேட்டேன். ஒரு சண்டையும் நடக்கவில்லையாம்! 1777 டிசம்பர் 19-ல் வாஷிங்டன் சுமார் 12,000 பேரோடு குளிர்காலத்துக்கு வந்து தங்கினார். மறு வருஷம் ஜூன் 19-ல் கிளம்பினார். நடுவில் கிட்டத்தட்ட 2,000 பேர் செத்துப்போனார்கள்.

பனிதான் கொன்றது என்பது ஊரறிந்த கதை. பனியில் வாஷிங்டன் மண்டியிட்டு ஜெபிக்கிற ஓவியத்தைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அந்தக் குளிரும் அப்படியொன்றும் கொடூரமில்லை; 1779-80-ல் மாரிஸ்டவுனில்தான் படை நிஜமாகவே உறைந்தது. இங்கே சாவு அதிகம் விழுந்தது பனி விலகிய மார்ச், ஏப்ரல், மே மாதங்களில். டைஃபாய்டு, டைஃபஸ், சீதபேதி.

பி.காம். படித்த புத்திக்கு வேறொன்றும் உறுத்தியது. சுற்றுவட்டாரத்தில் தானியம் இருந்தது. ஏற்றிவர வண்டி இல்லை. அமெரிக்கக் காங்கிரஸ் அச்சடித்த நோட்டுக்கு மதிப்பில்லை. ஃபிலடெல்ஃபியாவில் உட்கார்ந்திருந்த பிரிட்டிஷ்காரன் தங்கக் காசு கொடுத்தான். விவசாயி யாருக்கு விற்பான், சொல்லுங்கள்? 1778 மார்ச்சில் நத்தானியேல் கிரீன் சப்ளை பொறுப்பை ஏற்ற பிறகுதான் நிலைமை தேறியது.

இதையெல்லாம் பூங்கா மறைக்கவில்லை. பலகையில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் பலகையை யார் படிக்கிறார்கள்? கண்ணில் படுவது 1917-ல் ரோமாபுரி டைட்டஸ் வளைவு மாதிரி கட்டிய பிரம்மாண்ட வளைவு. சீதபேதியில் 2,000 பேர் போன இடத்தில் வெற்றி வளைவு! எனக்கு ஒப்பவில்லை. மரக் குடிசைகளும் பிற்காலத்தில் கட்டிய மாதிரிகள். 14 அடிக்கு 16 அடி, ஒன்றுக்குப் பன்னிரண்டு பேர். இப்போது துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். ஒருவர் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வசதி.

எனக்குப் பிடித்தது ஸ்டூபன் சிலைதான். 1778 பிப்ரவரியில் வந்து டிரில் கற்றுக்கொடுத்தவர். பிற்பாடு படைக்கு அவர் எழுதிய விதிப் புத்தகத்தில் முகாம் சுத்தத்துக்கும் இடம் கொடுத்தார், கக்கூஸ் குழி உட்பட.

வாஷிங்டன் தங்கிய கல் வீடு அசல். அதைப் பார்க்க நல்ல கூட்டம். சிப்பாய்களின் கல்லறைகள் எங்கே என்று தேடினேன். பெரும்பாலோர் செத்தது முகாமுக்கு வெளியே, சுற்று ஊர்களின் தற்காலிக ஆஸ்பத்திரிகளில். அந்த ஊர்களுக்கு யாரும் என்னைக் கூட்டிப்போகவில்லை.