தேவதாசும் செல்லையாவும்

கொல்கத்தாவின் தென்பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் இடங்களுள் பாலிகஞ்ச் வட்டாரம் ஒன்று. லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு தேசப்பிரியா பூங்காப் பக்கம் நடந்து வருவோர் அசுவினி தத்தர் சாலையை அறிந்திருப்பர். வங்க நாவலாசிரியர் சரத்சந்திரர் (1876–1938) தம் வாழ்வின் இறுதிப் பகுதியில் குடியிருந்த வீடு அச்சாலையில் உள்ளது. அவருடைய ‘தேவதாஸ்’ தமிழில் நூலாகவும் வந்தது. 1953-இல் திரைப்படமாகவும் வந்து நம் மூத்தோர் கண்களை நனைத்தது.

எண்ணியது நடவாமற் போனால் மனிதன் என் செய்வான்? பிழைப்பை நாடிக் குடிபெயர்ந்த நமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. 1960-களின் இறுதியிலும் 1970-களிலும் இந்நகரின் ஆலைகள் பல மூடப்பட்டன; கம்பெனிகள் சில தம் தலைமை அலுவலகங்களை வேறு நகரங்களுக்கு மாற்றிக்கொண்டன. ஓய்வுக்காலம் வரை இங்கேயே என்றிருந்த குடும்பங்களின் கணக்கு ஒரே கடிதத்தில் தவறிப்போனதை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே இக்கேள்விக்கு இரு நாவல்கள் தரும் விடைகளை ஈண்டு ஒப்பிட்டு நோக்குவோம். ஒன்று ‘தேவதாஸ்’. மற்றொன்று, கடல் கடந்த தமிழரைப் பற்றி ப. சிங்காரம் எழுதிய ‘கடலுக்கு அப்பால்’.

1917-இல் நூலாக வெளிவந்த ‘தேவதா’ஸின் கதை யாவரும் அறிந்ததே. குலப்பெருமை பேசும் பெற்றோர் தடுக்கின்றனர். உறுதியாக நிற்கவேண்டிய பொழுதில் தேவதாஸ் தளர்கிறான். பார்வதி வேறொருவர்க்கு மனைவியாகிறாள். அதன்பின் அவனுடைய வாழ்வு மதுவில் கரைந்து, அவள் வீட்டு வாயிலில் முடிகிறது. தோல்வியைக் காதலின் அளவுகோலாகக் கொள்ளும் பழக்கத்தை இக்கதை நம்மிடையே வளர்த்துவிட்டது. அழிந்தவனே ஆழமாக நேசித்தவன், பிழைத்தெழுந்தவன் நெஞ்சில் ஈரமற்றவன் என்று நம்மையறியாமல் கருதத் தலைப்பட்டோம்.

சிங்காரத்தின் நாவல் இக்கருத்தை மறுக்கிறது. கலைமகள் பரிசு பெற்று 1959-இல் நூலான அதன் களம் பினாங்கு. செல்லையா வட்டிக்கடையில் வேலை கற்ற இளைஞன். முதலாளி வயிரமுத்துப் பிள்ளையின் மகள் மரகதத்தை விரும்புகிறான். இடையே போர் மூள்கிறது. நம் எல்கின் சாலை வீட்டிலிருந்து 1941 ஜனவரியில் மறைந்து சென்ற நேதாஜி, 1943 ஜூலையில் சிங்கப்பூரில் விடுதலை இயக்கத்தின் தலைமையை ஏற்றார். அவருடைய படையில் சேர்ந்த தமிழர் பல்லாயிரவர். செல்லையாவும் அவருள் ஒருவன். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. படை கலைந்தது, ஜப்பானியர் அச்சிட்ட நோட்டுகள் வெறுங்காகிதமாயின. துப்பாக்கி தூக்கியவன் இனி வட்டிக்கடைக்கு ஆகான் என்று முதலாளி முடிவு கட்டுகிறார். நாட்டைப் பற்றிய கனவும் வீட்டைப் பற்றிய கனவும் ஒருங்கே சரிகின்றன.

ஆயினும் செல்லையா அழியவில்லை. அவனைக் காத்தவை யாவை? முதலாவது தொழில், கணக்கும் உழைப்பும் அவன் கையில் இருந்தன. இரண்டாவது நட்பு; மனம் உடைந்த பொழுதில் உடனிருந்து பேச மாணிக்கம் இருந்தான். தேவதாசுக்கும் சுன்னிலால் என்றொரு தோழன் உண்டு. அவன் மதுவுக்கு வழி காட்டினான். மாணிக்கமோ மனத்தின் இயல்பை எடுத்துரைக்கிறான். மூன்றாவது, இழப்பை இழப்பென்றே ஒப்புக்கொள்ளும் நேர்மை. செல்லையா மறந்துவிட்டதாக நடிக்கவில்லை. வலியுடனேயே அடுத்த நாளுக்குள் அடியெடுத்து வைக்கிறான். இதனைக் கோழைத்தனம் என்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. தன்னை அழித்துக்கொள்வதற்கு ஒரு கணத்துச் சினம் போதும். நாள்தோறும் கடை திறப்பதற்கே துணிவு வேண்டும்.

குறையையும் கூறாமல் விடுதல் திறனாய்வு ஆகாது. செல்லையாவுக்கு ஆறுதல் சொல்ல மாணிக்கம் இருக்கிறான். மரகதத்துக்கு யார் இருக்கிறார்? அவளுடைய கனவும் அதே நாளில்தான் முறிந்தது. அவள் எவ்வாறு மீண்டாள் என்பதைக் காட்டுவதில் சிங்காரம் போதிய அக்கறை செலுத்தவில்லை. இவ்விடத்தில் சரத்சந்திரரே விஞ்சி நிற்கிறார். வயது முதிர்ந்த மனைவியிழந்தவருக்கு வாழ்க்கைப்பட்ட பார்வதி, வளர்ந்த பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பத்தைத் தன் பொறுப்பில் ஏற்றுத் திறம்பட நடத்துகிறாள். நாவலில் முன்னோக்கி நடந்தவள் அவளே. தேவதாசுக்காகக் கண்ணீர் விட்ட நாம் அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை; பெண்கள் பொறுத்துக்கொள்வதை நாம் இயல்பெனக் கொண்டுவிட்டோம் போலும்!

இனி ஆசிரியர் இருவரின் வாழ்வையும் நோக்குவோம். சரத்சந்திரரும் நம்மைப்போல் பிழைப்புக்காக ஊர் விட்டவர். 1903-இல் பர்மா சென்று இரங்கூனில் எழுத்தராகப் பணியாற்றினார். அங்கே முதல் மனைவியையும் குழந்தையையும் பிளேக் நோய்க்குப் பலி கொடுத்தார். 1912-இல் அவர் குடியிருந்த மரவீடு தீப்பற்றியதில் நூல்களும் ஓவியங்களும், ‘சரித்திரஹீன்’ நாவலின் கையெழுத்துப் படியும் எரிந்தன. அவர் மீண்டும் எழுத அமர்ந்தார். அந்நாவலும் ‘தேவதாஸ்’ வெளிவந்த 1917-ஆம் ஆண்டிலேயே நூலாயிற்று. தேவதாசைப் படைத்தவர் தேவதாசாக வாழவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்த சிங்காரமும் இளமையிலேயே இந்தோனேசியாவுக்குச் சென்று, அங்கே மனைவியையும் பிள்ளையையும் இழந்தவர். போருக்குப்பின் தாயகம் திரும்பி, மதுரையில் நாளிதழ்ப் பணியில் அமர்ந்து, தனியராக வாழ்ந்து 1997-இல் மறைந்தார். அவருடைய பெருநாவலான ‘புயலிலே ஒரு தோணி’ எழுதி முடித்தபின் சுமார் பத்தாண்டு காத்திருந்து 1972-இல்தான் நூலாயிற்று. அதன்பின் அவர் நாவல் எழுதவில்லை. மீண்டெழுவோர்க்கும் ஓர் எல்லை உண்டு. காலத்தில் கைகொடுக்காத பதிப்புலகமும் வாசகராகிய நாமும் அதற்குப் பொறுப்பாளிகள். செல்லையாவுக்கு வாய்த்த மாணிக்கம், அவனைப் படைத்தவருக்கு வாய்க்கவில்லை.

நாம் கூற விழைவது இதுவே. திட்டம் தவறியவனைப் பார்த்து ‘மனத்தைத் தேற்றிக்கொள்’ என்று சொல்லி அகல்வது எளிது. ஆனால் மீட்சி அவனுடைய மனவலிமையால் மட்டும் வருவதன்று. அருகில் வந்து அமரும் ஒருவரும் வேண்டும். அயல்நகரில் வாழும் நமக்கு உற்றார் தொலைவில். அடுத்த வீடே உறவு. வேலையிழந்தவர், தேர்வில் தவறிய பிள்ளை, திருமணம் நின்றுபோன பெண் என இன்றும் நம் தெருக்களில் எத்தனையோ பேர் உளர். அவர்களுள் ஒருவர் தனித்து அமர்ந்திருக்கக் கண்டால், நாம் சுன்னிலாலாக வேண்டா. பாராமுகமாகவும் செல்ல வேண்டா. மாணிக்கமாக இருப்போம். மரகதத்தின் கதவையும் மறவாமல் தட்டுவோம்.