ஐந்து டொலர் வாசல்

வொஷிங்டன் நகரின் பங்க் இசையைப் பற்றி எழுதுவோர் அதன் ஆவேசத்தையே எழுதுகின்றனர். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் வாசல். 1980இல் இயன் மக்கேயும் நண்பர்களும் டிஸ்கோர்ட் வெளியீட்டகத்தைத் தொடங்கியது, கலைந்துபோன தமது டீன் ஐட்ல்ஸ் குழுவின் இசைத்தட்டை வெளியிடத்தான். ஆயிரம் பிரதிகள், உறைகளைத் தாமே மடித்து ஒட்டினர். (நமது சிறுசஞ்சிகைக்காரருக்கு இது புதிய வேலையல்ல.)

1987இல் மக்கேய் மேடையேறிய ஃபுகாஸி, பெரும்பாலும் ஐந்து டொலரையே கட்டணமாக வைத்தது. வயதெல்லை கிடையாது. மது விற்கும் விடுதிகள் சிறுவரைத் தடுத்ததால் தேவாலய மண்டபங்களிலும் வாசித்தனர். மோதி ஆடுவோர் மற்றவரை ஓரந்தள்ளினால் பாட்டை நிறுத்துவர். அடங்காதவரிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்து வெளியேற்றுவர். வாசலைத் திறந்தால் மட்டும் போதாது, உள்ளே நிற்கவும் இடம் வேண்டும் என்ற புரிதல் அது. அவர்களது பாடல் வரிகளைவிட இதையே நான் மேலாக மதிக்கிறேன்.

எனினும் ஒரு நெருடல். இவ்விளைஞருக்கு முன்மாதிரியாயிருந்த பாட் பிரெயின்ஸ் கறுப்பினக் குழு. நகரமோ அப்போது கறுப்பினப் பெரும்பான்மையுடையது. கூடியோர் பெரும்பாலும் வெள்ளையர். சில தெருக்களுக்கு அப்பால் கறுப்பின இளைஞர் கோ-கோ இசைக்கு ஆடிக்கொண்டிருந்தனர். 1983இல் மக்கேயின் மைனர் த்ரெட் தனது இறுதி நிகழ்ச்சியில் ட்ரபிள் ஃபங்க் என்ற கோ-கோ குழுவோடு மேடையைப் பகிர்ந்தது. அத்தகைய இரவுகள் வழக்கமாகவில்லை.